பையில் எந்தக் கத்தி? பினாங்கில் காடு ஏறப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

எங்கள் ஞாயிற்றுக்கிழமை மலையேற்றக் குழுவில் புதிதாகச் சேருகிறவர்கள் இரண்டாவது வாரத்துக்குள் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்கள்: "அண்ணே, காட்டுக்கு என்ன கத்தி வாங்கலாம்?" கேட்கும்போதே கைப்பேசியில் ஒரு படமும் தயாராக இருக்கும். முழ நீளக் கத்தி, கறுப்புப் பூச்சு, முதுகுப் பக்கம் ரம்பப் பல், கைப்பிடிக்குள் திசைகாட்டி. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "போன வாரம் வந்தீங்களே, என்னத்தை வெட்ட வேண்டியிருந்துச்சு?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "மெகி பாக்கெட்" என்பார்கள்.

சரி, அங்கிருந்தே தொடங்கலாம். என்ன வேலை என்று தெரிந்த பிறகு கத்தியைத் தேடினால் பணமும் மிச்சம், கை கால்களும் பத்திரம். என் அனுபவத்தில் வாங்க வேண்டிய வரிசை இப்படி: முதலில் ஒரு சின்னக் கத்தி, இரவு தங்கத் தொடங்கினால் மடங்காத கத்தி ஒன்று, அடுத்து ஒரு மடக்கு ரம்பம். பாராங் என்னும் நீளமான வெட்டுக்கத்தி கடைசியில்தான், அதுவும் பக்கத்தில் நின்று பழக்கித் தர ஆள் கிடைத்தால். பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு தாளை எடுங்கள்

கடந்த நாலைந்து பயணங்களில் எதையெல்லாம் வெட்டினீர்கள் என்று எழுதுங்கள். என் பட்டியலைச் சொல்கிறேன்: உணவுப் பொட்டலம், வெங்காயம், ஆப்பிள், நைலான் கயிறு, குதிகால் கொப்புளத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி, பிய்ந்துபோன சப்பாத்து அடியைக் கட்டிய கேபிள் டையின் வால். ஒரே ஒரு தடவை, பாதையின் குறுக்கே விழுந்த கிளையை ஒதுக்க வேண்டியிருந்தது. அதையும் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து தூக்கிப் போட்டோம்.

புதியவர்கள் பயப்படுவது பிரம்பு முள்ளுக்கு. ரோத்தான் கொடியின் நுனியில் நீளமாகத் தொங்கும் சாட்டை சட்டையைப் பிடித்தால் விடாது என்பார்கள். உண்மைதான். ஆனால் அதன் முட்களைக் கிட்டத்தில் பார்த்தால், எல்லாம் பூனை நகம்போல் பின்பக்கம் வளைந்திருக்கும். முன்னே இழுத்தால் இன்னும் ஆழமாக மாட்டும். அப்படியே நின்று, ஒரு எட்டு பின்னால் வைத்து, கையால் மெதுவாகத் தூக்கிவிட்டால் தானாகக் கழன்றுவிடும். கத்தியே வேண்டாம்.

எங்கே போகிறீர்கள், சட்டம் என்ன சொல்கிறது

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

நம் மலேசியாவில் 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அரிக்கும் பொருள்கள், வெடிபொருள்கள், தாக்கும் ஆயுதங்கள் மூன்றையும் பற்றியது. பொது இடத்தில் தாக்கும் ஆயுதத்தைச் சட்டப்படியான காரணம் இல்லாமல் வைத்திருந்தால், குற்றம் நிரூபிக்கப்படும்போது 5 ஆண்டு முதல் 10 ஆண்டு வரை சிறை, அதோடு பிரம்படியும் கிடைக்கலாம். முகாமுக்குப் போகும் வழியில் பைக்குள் கட்டி வைத்த கத்திக்குக் காரணம் சொல்ல முடியும். அதே கத்தி செவ்வாய்க்கிழமை இரவு காரின் இருக்கைக்கு அடியில் கிடந்தால் என்ன காரணம் சொல்வீர்கள்? "பாராங் கத்தியுடன் கைது" என்ற தலைப்பை நம் செய்திகளில் எத்தனை தடவை பார்த்திருப்போம். சாலைத் தடுப்பில் நிற்கும் போலீஸ்காரரும் அதையெல்லாம் பார்த்தவர்தான்.

ஆகவே என் பழக்கம் இது. கத்தி உறைக்குள், உறை துணிக்குள், துணி பையின் அடியில், பை காரின் பின்பக்கச் சாமான் பெட்டியில். பயணம் முடிந்த அன்றே கத்தி வீட்டுக்குள் போய்விடும். இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு பெட்ரோல் நிலையத்தில் இறங்குவதோ, வரும் வழியில் தே தாரிக் குடிக்க மாமாக் கடைக்குள் நுழைவதோ கூடவே கூடாது. பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் கத்தி, இரண்டு பக்கமும் கூர் உள்ள குத்துவாள், இந்த இரண்டையும் வாங்கவே வேண்டாம். காட்டில் அவற்றுக்கு ஒரு வேலையும் இல்லை.

இன்னொன்று, காட்டையும் யோசிக்க வேண்டும். தெலுக் பஹாங்கில் உள்ள பினாங்கு தேசியப் பூங்காவில் செடி கொடியை வெட்டக் கூடாது. நிரந்தர வனக்காப்பகங்களில் அனுமதியில்லாமல் மரத்தையோ மூங்கிலையோ பிரம்பையோ எடுப்பது 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி குற்றம். நாம் வார இறுதியில் போகிற இடங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு வகைக்குள் வந்துவிடும். வாசலில் பெயர் பதியும்போதே, என்ன கருவி கொண்டுபோகலாம், நெருப்பு மூட்டலாமா என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கத்தியைக் கைப்பையில் வைக்காதீர்கள். சரக்கில் போடும் பெட்டிக்குள், உறையோடு, துணி சுற்றி வையுங்கள்.

முதல் கத்தி: உள்ளங்கைக்குள் அடங்குவது

கொடிமலைக்குத் தண்ணீர்மலைப் பக்கமிருந்து ஜீப் சாலை வழியாக ஏறுகிறவருக்கும், புக்கிட் மெர்தாஜாமில் செரோக் தோக்குன் ஏறுகிறவருக்கும் மடக்குக் கத்தி ஒன்று தாராளமாகப் போதும். இரண்டு வகை சொல்கிறேன்.

ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த சிவப்பு சுவிஸ் ஆர்மி கத்தி. அதில் நான் முதலில் பார்ப்பது கத்தரிக்கோல் இருக்கிறதா என்பதைத்தான். காட்டில் பிளாஸ்திரி, நூல், நகம், பிய்ந்த தோல் எல்லாவற்றுக்கும் கத்தியைவிடக் கத்தரிக்கோல்தான் பாதுகாப்பு. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஆனால் இதன் சிறிய வகைகளில் கத்திக்குப் பூட்டு கிடையாது. முனையால் குத்தி அழுத்தினால் விரல்மேல் மடங்கிவிடும். அறுக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

மற்றொன்று பிரான்ஸ் நாட்டு ஒப்பினெல். எட்டாம் எண் கத்தியின் இரும்பு, அதாவது வெட்டும் தகடு, எட்டரை சென்டிமீட்டர் நீளம். கழுத்தில் உள்ள வளையத்தைத் திருகினால் பூட்டிக்கொள்ளும். வெங்காயம் நறுக்க இதைவிட இதமான கத்தியை நான் பார்த்ததில்லை. ஒரு குறையும் உண்டு, அது நம் ஊரில்தான் முழுதாகத் தெரியும். கைப்பிடி மரம். ஒரு நல்ல மழையில் நனைந்தால் மரம் ஊதிக் கத்தியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், நகத்தால் இழுத்தாலும் வராது. அப்போது பல்லால் கடித்து இழுக்காதீர்கள். பூட்டு வளையம் திறந்திருக்கிறதா என்று பார்த்து, கைப்பிடியின் அடிநுனியை ஒரு கட்டையில் இரண்டு தட்டு தட்டுங்கள். கத்தியின் முதுகு கொஞ்சம் வெளியே வரும், பிடித்துத் திறக்கலாம். வீட்டுக்கு வந்ததும் நிழலில் காயவைத்து, மூட்டுப் பகுதியில் எண்ணெய் விட்டால் அடுத்த மழை வரை தொந்தரவு இல்லை.

இரண்டாம் கட்டம்: மடங்காத கத்தி

இரவு தங்கத் தொடங்கியதும் மடங்காத கத்தி ஒன்று தேவைப்படும். மடங்கும் மூட்டு இல்லாததால் மண் போகாது, அழுத்தினால் விரலில் மூடாது, கழுவுவதும் சுலபம். இரும்பு பத்து சென்டிமீட்டர் அளவில் இருந்தால் போதும். உங்கள் உள்ளங்கை அகலத்தைவிடக் கொஞ்சம் கூட.

கடையில் எடுத்ததும் இதைச் செய்து பாருங்கள். உறையோடு சேர்த்துக் கத்தியைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு கையைத் திருப்புங்கள். கூர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று விரல்களுக்கே தெரிய வேண்டும். உருண்டைக் கைப்பிடி என்றால் தெரியாது, ஈரக் கையில் சுழன்றுவிடும். அடுத்து, உங்கள் கை வியர்வையில் நனைந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். குத்தும்போது விரல் முன்னால் வழுக்கிக் கூர்மேல் ஏறாமல் இருக்க, கைப்பிடி முடியும் இடத்தில் ஒரு தடுப்பு வேண்டும். பிறகு, இரும்பு கைப்பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். உள்ளே குழலாக இருந்து தீப்பெட்டி வைக்க இடம் கொடுத்த கத்திகளில் இரும்பு கழுத்தோடு நின்றுவிடும். அதை நம்பி விறகு பிளக்க முடியாது. கடைசியாக, உறையின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா?

சுவீடன் நாட்டு மோரா கத்திகள் இந்தச் சோதனைகள் பலவற்றில் தேறிவிடும், விலையும் கையைக் கடிக்காது. குழுவில் பாதிப் பேரிடம் அதுதான். அதில் இரண்டு வகை இரும்பு வரும். கார்பன் ஸ்டீல் சீக்கிரம் தீட்ட வரும், ஆனால் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருவைத் தாங்கும். இணையத்தில் பார்த்தால் கார்பனைப் புகழ்ந்து எழுதியிருப்பார்கள். எழுதியவர்களில் பலர் குளிரும் வறட்சியுமான நாடுகளில் இருக்கிறவர்கள். நான் முதலில் வாங்கியது கார்பன்தான். பந்தாய் கெராச்சுட் கடற்கரையில் மீன் சுத்தம் செய்து, கடல் தண்ணீரிலேயே அலசி, துடைத்ததாக நினைத்து உறையில் போட்டேன். மறுநாள் வீட்டில் உருவினால், இரும்பில் மஞ்சள் தூவியதுபோல் ஆரஞ்சுப் புள்ளிகள். தேய்த்தால் போயிற்று, ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கு அடியிலும் ஊசி முனை அளவு பள்ளம் விழுந்திருந்தது. பினாங்குக் காற்றே உப்புக் காற்று. முதல் மடங்காத கத்தி ஸ்டெயின்லெஸ் ஆகவே இருக்கட்டும்.

ரம்பம்: யாரும் கேட்காத, எல்லோருக்கும் உதவும் கருவி

கைப் பருமன் உள்ள கட்டையைப் பாராங்கால் துண்டாக்க இருபது முப்பது வீச்சு ஆகும். ஒவ்வொரு வீச்சும் ஒரு ஆபத்து. மடக்கு ரம்பம் அதை ஒரு நிமிடத்தில் சத்தமில்லாமல் முடித்துவிடும். தவறினாலும் பெரும்பாலும் பாராங் வெட்டு அளவுக்கு ஆழம் போகாது. களைத்துப்போன மாலை நேரத்தில், தூறலில், டார்ச் வெளிச்சத்தில் வேலை செய்யும்போது இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று புரியும்.

19 சென்டிமீட்டர் இரும்பு உள்ள பாக்கோ லாப்லாண்டர் வகை பலருக்குப் பொருந்தும். அது தள்ளினாலும் இழுத்தாலும் அறுக்கும். ஜப்பான் ரம்பங்கள் இழுக்கும்போது மட்டுமே அறுக்கும். அவற்றைத் தள்ளும்போது அழுத்தினால் இரும்பு வளைந்துவிடும், பழகும் வரை கவனம்.

நெருப்பு அனுமதிக்கப்பட்ட முகாமில் நம் மழைக்காட்டு விறகை எரியவைக்கவும் ரம்பம்தான் முதல் படி. விழுந்து கிடக்கும் கட்டையின் வெளிப்பக்கம் பிழிந்தால் தண்ணீர் வரும். ஆனால் தரையில் படாமல் சாய்ந்து நின்ற காய்ந்த கட்டையாக இருந்தால், உள்ளே நடுப்பகுதி உலர்ந்திருக்கும். ஒரு முழத்துண்டாக அறுத்து நிற்கவையுங்கள். கத்தியின் வாயை, அதாவது கூர் விளிம்பை, கட்டையின் மேல்முனையில் வைத்து, அதன் முதுகில் இன்னொரு கட்டையால் தட்டினால் பிளந்துகொள்ளும். நாலாக, எட்டாகப் பிளந்து, உள்ளே இருக்கும் வெளிறிய பகுதியை மெல்லச் சீவினால் சுருள் சுருளாகச் சீவல் வரும். அதில்தான் நெருப்பு பிடிக்கும். பத்து சென்டிமீட்டர் கத்திக்கு மணிக்கட்டுப் பருமனுக்கு மேல் உள்ள கட்டையைப் பிளக்கக் கொடுக்காதீர்கள்.

பாராங்

இது இந்த மண்ணின் கருவி. எனக்கு இதன்மேல் மிகுந்த மரியாதை உண்டு, அதனால்தான் கடைசியில் வைத்தேன். நல்ல பாராங்கின் எடை முன்பக்கம் கூடியிருக்கும். கையை அதிகம் ஓங்காமலே அந்த எடை வெட்டிக் கொடுக்கும். கூர்ந்து பார்த்தால் வாய் முழுவதும் ஒரே மாதிரி தீட்டியிருக்காது. கைப்பிடி அருகே செதுக்க, நடுவில் வெட்ட, முனைப் பக்கம் நுணுக்கமான வேலைக்கு என்று மூன்று பகுதியாக இருக்கும். கம்பத்துக் கொல்லர்கள் லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையிலிருந்து அடித்தவை இன்னும் கிடைக்கின்றன. அப்படி ஒன்றை வாங்கும்போது கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் வேண்டாம். முதுகுப் பக்கத்தை ஒரு கட்டையில் லேசாகத் தட்டுங்கள். மணிபோல் கணீரென்று கேட்டால் சரி, விரிசல் விழுந்த சட்டிபோல் கேட்டால் திருப்பி வைத்துவிடுங்கள்.

உருவுவதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. பாராங்கின் உறை பெரும்பாலும் இரண்டு மரப் பலகைகளைச் சேர்த்துக் கட்டியது. கூர் இருக்கும் பக்கமாக விரல்களைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு உருவினால், கட்டு தளர்ந்த உறையைப் பிளந்துகொண்டு கூர் நேராக விரல்களில் இறங்கும். முதுகுப் பக்கமாக மட்டும் பிடியுங்கள். விரல் நுனி கூர்ப்பக்கம் வரவே கூடாது. கம்பத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைத்தான் முதல் பாடமாகச் சொல்லிக் கொடுப்பார்கள்.

எங்கள் குழுவில் ஒரு தம்பி, வாங்கிய முதல் மாதம், ஒரு தோட்டத்து நிலத்தில் முகாமுக்கு மூங்கில் வெட்டினார். காலையில் மழை பெய்திருந்தது. ஈர மூங்கிலின் தோல் கண்ணாடி மாதிரி. நேர்க்கோணத்தில் வீசிய பாராங் பதியாமல் வழுக்கி, சுற்றிக்கொண்டு வந்து முழங்காலுக்குக் கீழே பட்டது. நீளக் கால்சட்டையும் தடித்த காலுறையும் இருந்தும் ஏழு தையல். அன்றிலிருந்து எங்களுக்குள் சில விதிகள். வீச்சு எப்போதும் சாய்வாக, உடம்பை விட்டு வெளிப்பக்கமாக. குனிந்து வெட்டும் வேலையை முழங்காலிட்டுச் செய்ய வேண்டும், அப்போது தவறிய வீச்சு மண்ணில் போகும், காலுக்கு வராது. வெட்டுகிறவரின் கையும் பாராங்கும் நீட்டிய தூரத்தைப்போல் இரண்டு மடங்குக்குள் யாரும் நிற்கக் கூடாது. மணிக்கட்டு வலித்தால் நிறுத்திவிட வேண்டும், "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்ற பேச்சே கிடையாது.

முதல் ஆறு மாதத்துக்கு உங்களுக்கு இது தேவைப்படாது. பழக ஆசை என்றால், சொந்த நிலம் உள்ள ஒரு பெரியவரிடம் போய்த் தேங்காய் உரிக்கவும் வாழை மரம் சாய்க்கவும் கற்றுக்கொள்ளுங்கள்.

தீட்டுவது

என் பாட்டி கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியும் முன் மண்ணெண்ணெய் விளக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பால்வெட்டுக் கத்தியைத் தீட்டுவார். மரத்தில் ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைதான் சீவ வேண்டும். ஆழம் போனால் மரம் காயப்படும், கங்காணியிடம் ஏச்சும் விழும். தீட்டி முடித்ததும் கத்தியின் வாயைக் கட்டைவிரல் நகத்தின்மேல் சாய்வாக, எடை கொடுக்காமல் வைப்பார். வழுக்கினால் மறுபடியும் கல்லுக்குப் போகும். நகத்தைக் கவ்வி நின்றால், "ம்" என்று ஒரு சத்தம். அந்தச் சோதனையை இன்றைக்கும் நான் செய்கிறேன். மொண்ணைக் கத்திக்குக் கூடுதல் அழுத்தம் தேவை, அழுத்தம் கூடினால் கை தவறும்.

செய்முறை சுருக்கமாக: ஒரு பக்கம் 400 எண் சொரசொரப்பு, மறுபக்கம் 1000 எண் நைஸ் என்று இருக்கும் சாணைக்கல் ஒன்று வாங்கி, அதன் பெட்டியில் சொல்லியபடி தண்ணீரில் ஊறவையுங்கள். சின்னக் கத்தியைக் கல்லிலிருந்து சுமார் 20 பாகை சாய்த்துத் தேய்க்க வேண்டும். மோரா கத்திக்குக் கோணத்தைத் தேடவே வேண்டாம், வாயின் பக்கத்தில் ஏற்கெனவே பட்டையாகச் சரிவு இருக்கும். அதைக் கல்லில் படியவைத்தால் போதும். ஒரு பக்கம் தேய்த்ததும் மறுபக்கத்தில் விரல் நுனியை முதுகிலிருந்து வாயை நோக்கி வருடினால் மெல்லிய பிசிர் தட்டுப்படும். அது முழு நீளத்துக்கும் வந்த பிறகே பக்கம் மாற்றுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் பிசிர் வரும் முன்னே மாற்றிவிடுகிறார்கள், அதனால்தான் "எவ்வளவு தேய்த்தாலும் கூர் வரவில்லை" என்கிறார்கள். பாராங்குக்கு முதலில் அரம், பிறகு கல்.

பயணம் முடிந்து வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, காற்றில் காயவிட்டு, ஒரு துளி தேங்காய் எண்ணெய். தோல் உறையில் போட்டு மாதக்கணக்கில் அலமாரியில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். கத்தி தனி, உறை தனி.

வெட்டுப்பட்டால்

உட்கார்ந்து செதுக்கும்போது மடிமேல், தொடைகளுக்கு நடுவே வைத்துச் செதுக்காதீர்கள். தொடையின் உள்பக்கம் பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது. முழங்கையை முழங்காலுக்கு வெளியே கொண்டுவந்து வேலை செய்யுங்கள். ஒருவருக்குக் கத்தி கொடுக்கும்போது கைப்பிடி அவர் பக்கம், கூர் மேல்நோக்கி. அவர் "சரி" என்று சொன்ன பிறகு விடுங்கள்.

கத்தி வாங்குகிற அன்றே தடித்த காஸ் துணியும் அகலமான கட்டுத்துணியும் வாங்கிவிடுங்கள். வெட்டுப்பட்டால் காயத்தின்மேல் துணியை வைத்து நேராக, பலமாக அழுத்த வேண்டும். பத்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்துங்கள். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்று. ரத்தம் பீறிட்டாலோ, நிற்காவிட்டாலோ, விரல் மரத்துப்போனாலோ 999. பள்ளத்தில் கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்காமல் போகலாம். கடைசியாக எந்த இடத்தில் கிடைத்தது என்று நடக்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் கிளினிக்கில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இந்த வாரம் எதை எடுத்துப் போவது?

கொடிமலை, செரோக் தோக்குன், கோலாலம்பூர்ப் பக்கம் புக்கிட் காசிங் போன்ற பகல் நடைக்கு, கத்தரிக்கோல் உள்ள சின்ன மடக்குக் கத்தி மட்டும். கடற்கரையில் இரவு தங்க அனுமதி வாங்கியிருந்தால், ஸ்டெயின்லெஸ் மோராவும் சேர்த்து. உலு லங்காட் பக்கமிருந்து 1,493 மீட்டர் குனோங் நுவாங் ஏறி நடுவில் முகாம் போடுகிறவர்கள், நெருப்புக்கு அனுமதி உண்டென்றால், ஆறு பேருக்கு ஒரு ரம்பம் வைத்தால் போதும். ஆளுக்கொன்று சுமக்க வேண்டாம், யார் கொண்டுவருகிறார் என்று முதல் நாளே வாட்ஸ்அப்பில் பேசிவிடுங்கள். அந்த ஒருவர் ரம்பப் பல்லை எண்ணெய் விட்டுத் துடைத்திருக்கிறாரா என்றும் கேட்டுவிடுங்கள்.